சீப்புக்காரர் வீட்டு உலை

அந்தத் தெருவுக்குள் நுழைகிறவர்களுக்குச் சீப்புக்காரர் வீட்டுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. மூக்கே கூட்டிக்கொண்டு போய்விடும். கொம்பு வேகிற வாசனை. தலைமுடி தீயில் பொசுங்கினால் வருமே, அதே வாடைதான், கொஞ்சம் கொழுப்பும் ஈரமும் கலந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் சீப்புக்காரர் மனைவி அந்த வாடையில் ஒரு வாய் இறங்காமல், தட்டை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்கே போய் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். பிறகு பழகிவிட்டது. பழகியது மட்டுமா, பிறந்த வீட்டுக்குப் போனால் என்னவோ குறைகிற மாதிரி இருந்து புரண்டு புரண்டு படுப்பாள்.

"புருஷன் நெனப்பா?" என்று தங்கை கேலி செய்வாள்.

"இல்லடி. அந்த நாத்தம் இல்லாம தூக்கம் வரமாட்டேங்குது."

இரண்டும் ஒன்றுதான் என்று தங்கைக்குத் தெரியும்.

அப்போதெல்லாம் சீப்பு என்றால் மரத்தில் செய்ததாக இருக்கும், இல்லாவிட்டால் கொம்பில் செய்ததாக இருக்கும். மரச்சீப்பு ஈரத்தலையில் பட்டுப் பட்டு உப்பி, பல் பல்லாகக் கொட்டிவிடும். கொம்புச் சீப்பு அப்படியில்லை. தாய் வாரி, மகள் வாரி, மகள் அதைப் புகுந்த வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போவாள். ஆனால் அதைச் செய்து எடுப்பது லேசுப்பட்ட வேலையில்லை. மாடு அறுக்கிற இடத்திலிருந்து கொம்பு வண்டியில் வந்து கொல்லையில் குவியும். நுனியை அறுத்துக் கத்திப்பிடி செய்கிறவருக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தொட்டியில் ஊறப்போடுவார்கள். உள்ளே இருக்கும் எலும்பு கழன்று வெறும் குழலானதும், அண்டாவில் போட்டு வேகவைப்பார்கள். வெந்த கொம்பை இடுக்கியில் பிடித்துத் தணலில் காட்டி, நீளவாக்கில் கத்தியால் ஒரு கீறல். அதற்கப்புறம் ஒருவரால் ஆகாது. இரண்டு பேர் ஆளுக்கொரு இடுக்கியோடு எதிரெதிரே உட்கார்ந்து, கீறலின் இரண்டு உதட்டையும் பிடித்து மெல்ல இழுக்க வேண்டும். சுருண்டு கிடக்கும் இளங்குருத்து விரிவது மாதிரி கொம்பு விரிந்து கொடுக்கும். சூடு குறைந்திருந்தால் பிளந்துவிடும். கூடிப்போனால் கருகி அடுக்கடுக்காகப் பொருக்கு விடும். பதமாக விரிந்ததைக் கொழுப்புத் தடவிய இரண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவே வைத்து, மரச்சட்டத்துக்குள் செருகி, ஆப்பு அடித்து இறுக்கிவிட்டால், ஆறி எடுக்கும்போது கொம்பு பலகையாகியிருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே தேன் நிறத்தில் மேகம் ஓடும்.

சீப்புக்காரருக்கு எதிர் இடுக்கி அவர் மனைவிதான். அந்த நேரத்தில் இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அவர் கையைப் பார்த்து இவள் இழுப்பாள். இவள் முகத்தைப் பார்த்து அவர் விடுவார். முந்தின நாள் சண்டை போட்டிருந்தாலும் கொம்பு அதைக் கேட்டுக்கொண்டிருக்காதே. ஆறிவிடும். அதனாலேயே அவர்கள் சண்டை எதுவும் மறுநாள் உலை மூட்டுகிற வரைக்கும்தான் நிற்கும்.

பலகையானபின் அவர் கைவேலை. இரட்டை அலகு வைத்த ஈர்வாள் ஒன்று அவரிடம் இருந்தது. ஒரு அலகு பல்லை அறுக்கும்போதே மற்றது அடுத்த பல்லுக்குத் தடம் போட்டுக்கொண்டு வரும். அறுத்தபின் பல்லுக்குப் பல் மெல்லிய அரத்தால் ராவி, சாம்பல் போட்டுத் தேய்த்து, எண்ணெயும் தோலும் வைத்து மெருகேற்றி, கடைசியில் மனைவி கையில் கொடுப்பார். அவள் முடியை முன்பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டு, உச்சியிலிருந்து நுனிவரை ஒரு தடவை வாருவாள்.

"ஓடுது" என்றால் கூடைக்குப் போகும். "பிடிக்குது" என்றால் திரும்பப் பட்டறைக்கு.

அவ்வளவு முடி அவளுக்கு. உட்கார்ந்தால் தரையைத் தொடும். கல்யாணமே அந்த முடியால்தான் ஆனது. கல்யாணத்துக்கு முன்னால், அவர் சந்தையில் விற்ற சீப்பு ஒன்று அவள் தலையில் பல் உடைந்து சிக்கிக்கொள்ள, அவள் உடைந்ததைக் கையில் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்தாள். வேறு கொடுத்தார். அதையும் உடைத்துக்கொண்டு வந்தாள். மறுபடி வரட்டும் என்று இவர் காத்திருந்தார், அவள் வரவில்லை. ஊர் விசாரித்துக்கொண்டு இவரே ஒரு சீப்போடு போய்விட்டார். "இது உடையாது" என்றாராம். "உடைஞ்சா?" என்றாளாம் அவள். "உடைஞ்சா நான் பக்கத்துலயே இருந்து மாத்திக் குடுக்கறேன்." அவள் அப்பா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "யாருய்யா அது, வெளியில நின்னே பேரத்தை முடிச்சிடுவே போலிருக்கே" என்று கூப்பிட்டு உட்காரவைத்தாராம். அவர்களுக்குப் பிறந்த ஒரே மகள் இப்போது வேறு ஊரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். மகளுக்கு முடி அப்பா மாதிரி, அதாவது சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை.

காய்ச்சல் மழைக்காலத்தில் வந்தது. தெருவில் பல வீடுகளில் வந்தது. சீப்புக்காரர் வீட்டில் அவளைப் பிடித்ததுதான் கடுமை. நாள் கணக்குத் தெரியாமல் கிடந்தாள். பிழைக்கிறது கஷ்டம் என்றே பேசிக்கொண்டார்கள். பக்கத்துத் தெருவில் இருந்த நாத்தனார், சீப்புக்காரரின் அக்கா, சொந்த வீட்டு அடுப்பை மருமகளிடம் ஒப்படைத்துவிட்டு வந்து கூடவே இருந்தாள். வாய் ஓயாதவள். காய்ச்சல்காரியின் காதில் ஊர்க்கதை முழுவதையும் ஓதிக்கொண்டே இருந்தாள். "காது வழியா பேச்சு போய்க்கிட்டிருந்தா உயிரு வெளியில வர வழி கிடைக்காது" என்பது அவள் வைத்திய முறை. எது வேலை செய்ததோ, காய்ச்சல் இறங்கிவிட்டது.

இறங்கினபின் ஒருநாள் தலையணையை விட்டு எழுந்தபோது முடி தலையணையிலேயே இருந்துவிட்டது.

தினமும் கொத்துக் கொத்தாக வந்தது. மிஞ்சினது சிக்குப் பிடித்து, அங்கங்கே தோல் தெரிந்து, பார்க்கச் சகிக்கவில்லை. நாத்தனார்தான் கத்தரியை எடுத்தாள். ஜன்னலோரம் முக்காலி போட்டு உட்காரவைத்து, ஒட்ட ஒட்ட வெட்டினாள்.

"ஏண்டி, அழறதுன்னா அழுதுடு. உள்ளயே வச்சுக்காதே."

"அழல அண்ணி. கழுத்துல குத்துது, கொஞ்சம் தட்டி விடுங்க."

"உயிரு திரும்பி வந்துச்சே, அதுக்கு வாடகைன்னு வச்சுக்க. வளர்ற சரக்குதானே. எங்க ஓரகத்தி ஒருத்திக்கு இப்படித்தான், ஒரு முடி இல்லாம போச்சு. அவ புருஷன் பெரிய மாமா கடைக்குப் பக்கத்துல..."

"அவங்களுக்கு மறுபடி வளர்ந்துச்சா?"

கத்தரி கொஞ்சம் நின்றது. "அவ கதை வேற. அவ எதையுமே கவனிக்க மாட்டா. நீ தலையைக் குனி."

கீழே கிடந்ததை நாத்தனார் முறத்தில் கூட்டி எடுத்தபோது முறம் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு என்னவோ செய்தது.

"தம்பி வெளியில நிக்கிறான். உள்ள வரச்சொல்லட்டா?"

"வேணாம் அண்ணி. துணி கட்டிக்கிறேன், அப்புறம் வரட்டும்."

துணி கட்டிக்கொண்டாள். சீப்புக்காரர் வந்தார். சுவரைப் பார்த்தார், தண்ணீர்ப் பானையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"கஞ்சி குடிச்சியா?"

"குடிச்சேன்."

"சரி" என்று போய்விட்டார். அவ்வளவுதான். அவர் சாதாரணமாகவே அதிகம் பேசாதவர், ஆனால் பார்க்காதவர் இல்லை.

மறுநாள் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் காணோம். கேட்டதற்கு, சட்டம் ஆடுகிறது, சரிபண்ணக் கொடுத்திருக்கிறேன் என்றார். அதற்கடுத்த நாள் அண்டாவையும் இரும்புத் தகடுகளையும் தள்ளுவண்டியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க கொண்டு போறீங்க?"

"ஆத்தங்கரைக்கு. உலையை அங்க போட்டுக்கலாம்னு. தண்ணி பக்கத்துலயே இருக்கு. இங்க கிணத்துல இறைச்சு இறைச்சுத் தோள் விட்டுப்போச்சு."

"இத்தனை வருஷம் போகாத தோளா?"

அவர் கயிற்றின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ உள்ள போ. காத்தடிக்குது" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து வீட்டில் கொம்பு வாசனை இல்லை. விடிந்ததும் போவார், பொழுது சாய்ந்து வருவார். வாசலிலேயே கை கால் கழுவி, சட்டையையும் அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வருவார். தலையைப் பார்க்கிற மாதிரி வந்தால் கண்ணைத் திருப்பிக்கொள்வார். சாப்பிடும்போது ரொட்டியைப் பிட்டு அவள் தட்டில் பெரிய துண்டை வைப்பார். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒருநாளும் "இடுக்கி பிடிக்க வா" என்று கூப்பிடவில்லை. முடித்த சீப்பு எதையும் அவள் கையில் தரவில்லை. தராதது நியாயம்தான், எதில் ஓட்டிப் பார்ப்பாள்? ஆனாலும் கூடை அவளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சில் இடறியது.

மனசு கண்டதையும் கணக்குப் போட்டது. முடியைப் பார்த்துக் கட்டினவர். முடி போயிற்று. கண்ணாடியை எடுத்துவிட்டார், உலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்னும் என்ன சொல்ல வேண்டும் வாயைத் திறந்து?

நாத்தனாரிடம் ஜாடையாகக் கேட்டாள். "அண்ணி, உங்க தம்பி ஏதாவது சொன்னாரா?"

"அவனா? அவன் வாயில கொழுக்கட்டை. சின்னதுல விழுந்து கை ஒடிஞ்சப்பவே சாயங்காலம் வரைக்கும் சொல்லல. ஆனா முகமே சரியில்லடி. என்னமோ திருடிட்டு வந்தவன் மாதிரி இருக்கான்."

இந்தப் பதில் அவள் கணக்கை இன்னும் உறுதியாக்கியது.

மழை ஓய்ந்து காற்றுக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு முற்பகல் மூட்டைக்காரி வந்தாள். சீப்பு, ஊசி, நூல், பொத்தான் எல்லாவற்றையும் முதுகு மூட்டையில் சுமந்து ஊர் ஊராக வீட்டுக்குள்ளேயே கொண்டு போய் விற்கிறவள். சீப்புக்காரர் வீட்டுச் சரக்கில் பாதி அவள் முதுகில்தான் போகும், 'அவர் சம்சாரமே தலையில ஓட்டிப் பார்த்த சீப்பு' என்று சொல்லித்தான் விற்பாள். வந்தவள் மூட்டையை இறக்கி, தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

"முகம் தெளிஞ்சிருக்கு அக்கா. போன தடவை பார்த்தப்ப பயந்தே போயிட்டேன்."

"பொழைச்சுக்கிட்டேன். உக்காரு. என்ன, சரக்கு தீர்ந்துடுச்சா?"

மூட்டைக்காரி உட்காரவில்லை. "சொல்லக் கூசுது. உங்ககிட்ட சொல்றதா, அண்ணன்கிட்ட சொல்றதான்னு வழியெல்லாம் யோசிச்சிட்டு வந்தேன்" என்று ஒரு சின்ன முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே சீப்புகள். "திருப்பிக் குடுத்துட்டாங்க. பிடிச்சு இழுக்குதாம். ஒரு வீட்ல பொண்ணு தலையில மாட்டிக்கிட்டு, எண்ணெய ஊத்தித்தான் எடுத்தாங்களாம். 'இது நெஜமாவே அந்தம்மா தலையில ஓடின சீப்பா'ன்னு கேக்குறாங்க."

"நீ என்ன சொன்னே?"

"ஓடினதுதான்னு பொய் சொன்னேன்."

அவள் சீப்பு ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பொய் சொல்லாதே. கேட்டா, அந்தம்மாவுக்கு இப்ப தலையில முடி இல்ல, காய்ச்சல்ல போயிடுச்சுன்னு சொல்லிடு."

அதை வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னபின் எதுவும் இடிந்து விழவில்லை. மூட்டைக்காரி மட்டும், "சரிக்கா" என்று மெல்லச் சொல்லி அப்போதுதான் உட்கார்ந்தாள்.

சீப்புக்காரர் மனைவி சீப்பின் பல்லை வெளிச்சத்தில் பிடித்தாள். பல்லின் ஓரமெல்லாம் மெல்லிய செதில். வெங்காயத் தோல் மாதிரி அடுக்கு அடுக்காகப் பிரிந்து நின்றது. முடி மாட்டாமல் என்ன செய்யும்? இது வாளின் குற்றமில்லை, அரத்தின் குற்றமுமில்லை. கொம்பு விரியும்போது ஒரு பக்கம் கருகி, மறு பக்கம் சூடு ஏறாமலே இழுபட்டிருக்கிறது. அவர் கைக்கு இந்தத் தப்பு வந்ததே இல்லை.

"நீ இங்கயே இரு. ரொட்டி மூடி வச்சிருக்கு, எடுத்துச் சாப்பிடு. நான் வந்துடறேன்" என்று தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

காய்ச்சலுக்கப்புறம் தெருவில் நடப்பது அன்றுதான். வீட்டுச் சுவர்களைப் பிடித்துக்கொண்டே போனாள். தெரு முனையில் பீப்பாய் செய்கிறவர் வளையம் அடிப்பதை நிறுத்திவிட்டு, "என்னம்மா, தேவலையா?" என்று கேட்டார். தேவலை என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தாள். ஆற்றங்கரையில் காற்று ஆளைத் தள்ளியது. நாணலெல்லாம் ஒரே பக்கம் படுத்துக் கிடந்தது.

தூரத்திலேயே அவரைப் பார்த்துவிட்டாள். முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். உலையின் புகை ஒரு நிமிஷம் கிழக்கே போயிற்று, அடுத்த நிமிஷம் அவர் முகத்திலேயே அடித்தது. தணல் ஒரு பக்கம் சீறிச் சிவந்தும் மறு பக்கம் சாம்பல் மூடியும் கிடந்தது. எதிர் இடுக்கியை ஒரு முளைக்கட்டையில் கயிற்றால் கட்டியிருந்தார். அந்தக் கட்டைதான் இத்தனை நாளாக அவள் இடத்தில் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறது. பக்கத்தில் பிளந்துபோன கொம்புகள் குவியலாகக் கிடந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அவர் ஒரு கொம்பைத் தணலிலிருந்து எடுத்துக் கீறி, ஒரு உதட்டை முளைக்கட்டை இடுக்கியில் மாட்டி, மறு உதட்டை இழுத்தார். கொம்பு கொடுக்க ஆரம்பித்த நேரத்தில் முளை ஆடிச் சாய்ந்தது. கயிறு நழுவியது. இடுக்கி கீழே விழுவதற்குள் அவள் ஓடிவந்து குந்தி அதைப் பிடித்துவிட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இழுங்க. ஆறிடும்" என்றாள்.

இழுத்தார். இரண்டு கையாலும் இடுக்கியைப் பிடித்திருந்ததால், காற்று அவிழ்த்த துணியை அவளால் தடுக்க முடியவில்லை. கழுத்துப் பக்கம் ஒரு முறை படபடத்தது, பிறகு பறந்தே போய்விட்டது. தலையில் குளிர்காற்று நேராகப் பட்டது. அவள் கொம்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கொம்பு விரிந்தது. ஓரத்தில் ஒரு சின்ன முனகல் கேட்டது, ஆனால் பிளக்கவில்லை. அப்படியே தூக்கித் தகட்டுக்கு நடுவே வைத்தார்கள்.

"துணி பறந்துடுச்சு" என்றார் அவர்.

"தெரியுது."

"எடுத்துட்டு வரட்டா?"

"மொதல்ல ஆப்பை அடிங்க."

ஆப்பு அடித்தார். சுத்தியலைக் கீழே வைத்தார். அப்புறம் இருவருக்கும் கைவேலை எதுவும் இல்லாமல் போய்விட்டது. துணி கரையோரச் சேற்றில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

"எதுக்கு இங்க வந்தீங்க? தோள் வலின்னு கதை விடாம சொல்லுங்க."

அவர் ஒரு குச்சியால் தணலைக் கிளறினார். வெகுநேரம் கிளறினார்.

"பீப்பாய்க்காரர் சொன்னார்."

"என்ன சொன்னார்?"

"காய்ச்சல் தெருவுல எல்லாருக்கும்தானே வந்துச்சு, எல்லாருக்குமா இப்படிக் கொட்டுச்சுன்னார். இத்தனை வருஷமா முடி கருகுற மாதிரி புகையிலயே இருந்தா, இருக்குற முடி எப்படிப்பா நிக்கும்னார். அவரு சாதாரணமாத்தான் சொன்னார். எனக்கு அன்னைக்குச் சாப்பாடு இறங்கல." குச்சியின் நுனி பற்றிக்கொண்டது, அதை மண்ணில் குத்தி அணைத்தார். "என் கையாலயே உன் முடியப் பொசுக்கிட்டேன். உன்னை உக்காரவச்சு, எதிர்ல இடுக்கியும் குடுத்து. வீட்டுப் பக்கம் இனி புகையே வரக்கூடாதுன்னு தூக்கிட்டு வந்துட்டேன். உன்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா?"

"என்ன?"

"மொட்டைத்தலையப் பார்க்கப் பிடிக்காம உலையத் தூக்கிட்டு ஓடிட்டீங்கன்னு."

அவர் முகம் செத்துப்போயிற்று. பக்கத்தில் இருந்த கொம்பை எடுத்தார், கீழே வைத்தார், திரும்ப எடுத்தார். "அப்படியா நெனச்சே?" என்றார். அதையே இன்னொரு தடவை கேட்டார்.

"பின்ன? கண்ணாடிய வேற எடுத்து ஒளிச்சு வச்சீங்க."

"நீ பார்த்து மனசு ஒடிஞ்சிடுவேன்னுதான். பரண்ல இருக்கு."

"சட்டம் ஆடலையா?"

"ஆடல."

ஆற்றில் ஒரு படகு போயிற்று. படகுக்காரன் இவர்களைப் பார்த்துக் கையசைத்தான். அவர் பதிலுக்குக் கொம்பை அசைத்தார்.

"புகைதான் எடுத்துச்சுன்னா உங்கக்கா மொட்டையாயில்ல திரியணும்" என்றாள் அவள். "அவங்க பொறந்து வளர்ந்ததே அந்த அண்டாவுக்குப் பக்கத்துல. இந்த வயசுலயும் பின்னல் இடுப்புக்குக் கீழ தொங்குது. அது ஏன் அந்தப் பீப்பாய்க்காரர் கண்ணுல படல?"

அவர் யோசித்தார். நியாயம்தான் என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் இத்தனை நாள் சுமந்த பாரத்தைச் சட்டென்று இறக்க மனசில்லை. தன் வழுக்கையைத் தடவிக் காட்டினார். "அப்ப இது?"

"அது நான் வர்றதுக்கு முன்னாடியே போனது. கல்யாணம் முடியுற வரைக்கும் குல்லாயக் கழட்டினீங்களா நீங்க? வீட்டுக்கு வந்தப்புறம்தானே எனக்கே தெரிஞ்சுது. நான் உலையத் தூக்கிட்டு ஓடினேனா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முகத்தை முழங்கையால் துடைத்தார். புகை கண்ணில் பட்டதாகச் சொன்னார். அப்போது புகை மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது, அவள் அதை எடுத்துச் சொல்லவில்லை.

"தொட்டுப் பார்க்கட்டா?" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

"கையக் கழுவிட்டு. ஒரே கொழுப்பு."

ஆற்றில் மண் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தார். குளிர்ந்த கையை அவள் உச்சியில் வைத்தார். ஒட்ட வெட்டிய இடத்திலெல்லாம் புதுமுடி மொசமொசவென்று அரும்பியிருந்தது. அது அவளுக்கே தெரியாது. துணியைக் கட்டினால் கட்டினதுதான், தொட்டுப் பார்க்கவே இல்லை.

"பூனைக்குட்டி மாதிரி இருக்கு" என்றார்.

தள்ளுவண்டியில் அண்டாவும் தகடும் ஏறின. முளைக்கட்டையை அவரே ஆற்றில் வீசினார். சேறு பட்ட துணியை அவள் அலசி வண்டியின் கைப்பிடியில் காயப்போட்டாள். வெறுந்தலையோடுதான் தெருவுக்குள் நுழைந்தாள். பீப்பாய்க்காரர் வளையத்தை அடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, தப்பான இடத்தில் ஒரு அடி அடித்துக்கொண்டார். நாத்தனார் வாசலிலேயே நின்றிருந்தாள். உள்ளே மூட்டைக்காரி ரொட்டியைத் தின்று முடித்துவிட்டுத் தூணில் சாய்ந்திருந்தாள்.

"ஏண்டி, துணி எங்க?"

"ஈரமாயிடுச்சு அண்ணி."

"உலை எதுக்குத் திரும்பி வருது?"

"தோள் வலி சரியாயிடுச்சாம்."

மறுநாளே கொல்லையில் உலை மூண்டது. சுவர் காற்றை மறைத்ததால் தணல் ஒரே சீராகக் கனிந்தது. கொம்புகள் சொன்னபடி கேட்டு விரிந்தன. கெட்டுப்போன சீப்பை எல்லாம் அவர் உலையிலேயே போட்டார். வீடு பழையபடி நாறியது.

புதுப்பலகையில் அறுத்த முதல் சீப்பை மெருகேற்றி, வழக்கம்போல நீட்டினார். நீட்டின பிறகுதான் நினைவு வந்து, கையை இழுக்கவும் முடியாமல் நின்றார். அவள் வாங்கிக்கொண்டாள். பழக்கத்தில் இடதுகை முடியை முன்னுக்கு இழுக்கப் பின்பக்கம் போயிற்று, வெறும் காற்றைப் பிடித்துவிட்டுத் திரும்பி வந்தது. பரவாயில்லை என்று சீப்பை உச்சியில் வைத்து இழுத்தாள்.

"ஸ்ஸ்."

"பிடிக்குதா?"

"பிடிக்க அங்க என்ன இருக்கு? குத்துது."

"குத்துதா? எப்பவும் விடுற நுனிதானே."

"எப்பவும் முடி மெத்தை மாதிரி இருந்துச்சு, தோல்ல படல. இப்ப முள்ளால கீறுற மாதிரி இருக்கு. உங்க தலையில வச்சுப் பாருங்க."

அவர் வழுக்கையில் வைத்து இழுத்தார். சிவப்பாகக் கோடு விழுந்தது. "அட ஆமா" என்றார். சீப்பு செய்தே காலம் போனவர், தனக்குச் சீப்பு எதற்கென்று ஒருநாளும் தலையில் வைத்ததில்லை.

அவள் சீப்பின் நுனிகளை விரலால் தடவிக்கொண்டே யோசித்தாள். "முடி கம்மியா இருக்குறவங்களுக்கு எல்லாம் இப்படித்தானே குத்தியிருக்கும். வயசானவங்க, கைக்குழந்தைங்க. நம்ம மக சின்னதுல தலை வாரினா ஊரைக் கூட்டுவாளே, பிடிவாதம்னு எத்தனை தடவை முதுகுல போட்டிருக்கேன்." சொல்லிவிட்டு நுனிகளை இன்னொரு தடவை தடவினாள். பிறகு, "நுனியை உருட்டி விடுங்க" என்றாள்.

உருட்டுவது லேசாக இல்லை. அரம் பட்டால் நுனி சப்பையானது. கடைசியில் ஒரு தோல்வாரை நனைத்து, சாம்பலில் புரட்டி, பல்லின் உச்சியில் அப்படியும் இப்படியும் இழுத்துப் பார்த்தார்கள். அது சரிப்பட்டது. ஒவ்வொரு சீப்புக்கும் வேலை கூடிற்று. அவள் உச்சியில் வைத்து இழுத்துப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு, "ம்" என்றால்தான் விடுவார். முதல் "ம்" வந்த சீப்பை மகளுக்கென்று துணியில் சுற்றி மூட்டைக்காரியிடம் கொடுத்தனுப்பினாள்.

தோலில் குத்துகிறதா என்று பார்க்க அவள் தலை போதும். நீள முடியில் ஓடுகிறதா என்று பார்க்க வேறு தலை வேண்டுமே. நாத்தனாரைக் கேட்டார்கள். அவளுக்கு ஒரே பெருமை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வந்து, பட்டறைக்கு முன்னால் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பின்னலை அவிழ்த்து விட்டாள். இவள் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வாரத் தொடங்கினாள். சீப்புக்காரர் அடுத்த பலகையைப் பிடிகட்டையில் இறுக்கினார்.

"அந்தப் பீப்பாய்க்காரன் பொண்டாட்டி இருக்காளே," என்று ஆரம்பித்தாள் நாத்தனார், "நேத்து என்னைப் பிடிச்சுக்கிட்டா. 'என்ன, உங்க தம்பி சம்சாரம் வெறுந்தலையோட போகுது'ன்னா. 'தலை அவளோடது, வெயில் எல்லாருக்கும் பொது, உனக்கென்ன வந்துச்சு'ன்னேன். அதுக்கு அவ சொல்றா, அவங்க கொழுந்தன் வீட்லயும்..."

சீப்பு உச்சியிலிருந்து இறங்கியது. எங்கும் நிற்காமல், எதையும் இழுக்காமல், நுனிவரை போயிற்று.

"...கொழுந்தன் வீட்லயும் ஒருத்திக்கு இப்படித்தானாம். அவ என்ன பண்ணினான்னா..."

கொல்லையில் அண்டா மெல்லக் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அடுத்த சீப்பை எடுத்தாள். அதுவும் ஓடிற்று. வெள்ளையும் கறுப்புமாக இருந்த அந்த முடியை இடதுகையில் ஏந்தி, வலதுகையால் வாரி வாரி விட்டாள். காய்ச்சல் நாட்களில் இரவும் பகலும் தன் தலைமாட்டில் இருந்தவளுக்கு இதுவரை ஒரு சின்னப் பணிவிடைகூடச் செய்ததில்லை என்று அப்போதுதான் தோன்றியது.

"...என்ன பண்ணினான்னா... வந்து..."

அதற்குமேல் கதை வரவில்லை. நாத்தனாரின் தலை மெல்லப் பின்பக்கம் சாய்ந்து அவள் முழங்காலில் தங்கியது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

சீப்புக்காரர் ஒன்றும் கவனிக்காமல் வாளை எடுத்துப் பலகையின் மேல் வைத்தார். அவள் கையை உயர்த்தி, வேண்டாம் என்று ஜாடை காட்டினாள். அவர் எட்டிப் பார்த்தார். அக்கா பேசாமல் இருந்து அவர் பார்த்ததே இல்லை. வாளைச் சத்தமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவள் சீப்பை நிறுத்தாமல் வாரிக்கொண்டே இருந்தாள்.